இரண்டு லைன், ஒரு பேச்சு

எங்கள் வீட்டில் எது நடக்காமல் போனாலும் பழி நெட்டின் தலையில்தான் விழும். காஸ் புக் ஆகவில்லையா, நெட்டு இல்ல. சித்தப்பா மகன் கல்யாணப் படம் வந்து சேரவில்லையா, நெட்டு இல்ல. அம்மாவுக்கு யாரிடமாவது பேசப் பிடிக்கவில்லை என்றால், ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, இங்க நெட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு, இந்தப் பொய்க்கு மட்டும் கூச்சமே கிடையாது. நானோ அந்த நெட்டை வைத்துச் சோறு தின்கிறவள். லைன் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே. என் தொழிலுக்கு என் வீட்டில் கிடைத்த மரியாதை இது.

வீடு மாரெட்பள்ளியில், முதல் மாடி. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, ரிடையர் ஆகும் வரை அங்கேயே இருந்தவர். அவருடைய அப்பாவும் அதே பட்டறைதான், வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயிலேறி வந்தவர். அப்பாவுக்கு வாய் ஓயாது. காய்கறி வண்டிக்காரனிடம் தெலுங்கில் பேரம், பட்டறைச் சிநேகிதர்களிடம் உருது கலந்த இந்தியில் வம்பு, வீட்டுக்குள் தமிழில் அதிகாரம். மூன்று மொழியிலும் எதிராளியைப் பேசவிடாத மனுஷன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நீ அப்டி இன்னா பண்ற ஆபீஸ்ல?" என்று கேட்டார். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள வழி போட்டுத் தருகிறேன் என்றேன். "அதுங்களுக்குப் பேச ஒண்ணும் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்றார். இப்படித்தான், எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு.

அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா." அவ்வளவுதான். ஹாலில் இருந்து "இந்தா" என்றால் டீ. பாத்ரூமில் இருந்து "இந்தா" என்றால் துண்டு. படுக்கையில் இருந்து இழுத்தாற்போல் "இந்தா" என்றால் முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, தைலம் வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். அம்மா மட்டும் கேட்டதுமே சரியான பொருளை எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். ஒரு பொம்பளைக்கு இப்படி ஒரு பேரா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கண்ணாடி முன் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். முகத்தில் பாதி சோப்பு. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் அளவுக்கு வந்தார். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு மட்டும் போனது போனதுதான். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் "த, த, த" என்று ஒரு சத்தம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மூன்று மொழி பேசிய வாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவைப் பார்த்து முதல் முறை "த, த" என்று சொன்னபோது, தன் காதில் விழுந்ததைக் கேட்டு அவரே மிரண்டு போய் வாயை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். தெலுங்கும் இந்தியும் பேசினாள். நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டு, "பிறந்ததில் இருந்து பேசின மொழியில் முயற்சி பண்ணினால் ஒருவேளை வரலாம், அது எனக்குத் தெரியாதே" என்று அவளே சொல்லிவிட்டாள். இந்த ஊர் முழுக்கத் தேடினேன். தமிழில் பயிற்சி கொடுக்க ஆள் அகப்படவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு அம்மையார் கிடைத்தார். வீடியோ காலில் சொல்லித் தருவார். செவ்வாயும் வெள்ளியும், காலை டிபன் ஆனதும். அம்மா அவரை டீச்சரம்மா என்பாள்.

டீச்சரம்மா ஒரு படத்தைக் காட்டுவார். தம்ளர். குடை. சாவி. பூட்டு. "அப்பா, இது என்ன? அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க" என்பார். பிறகு காத்திருப்பார். அந்த அம்மையாரின் வேலையே காத்திருப்பதுதான் என்று எனக்குத் தோன்றும். அம்மாவால் அது முடியாது. அப்பாவின் வாய் கோணும்போதே இவள் பக்கத்தில் இருந்து "தம்ளரு, தம்ளரு" என்று முணுமுணுப்பாள். "அம்மா, நீங்க சொல்லித் தராதீங்க. அவரா வரட்டும்" என்று திரையில் இருந்து குரல் வரும். அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள்.

அவரா வருகிற நேரத்தில்தான் நெட் போகும்.

எங்கள் தெரு மின்கம்பத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஊரில் உள்ள கம்பெனிக் கேபிள் எல்லாம் அதில்தான் சடை சடையாகத் தொங்கும். ஆபத்து என்று ஒருநாள் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கத்தரித்துப் போடுவார்கள். மறுநாள் கேபிள்காரர்கள் ஏணியோடு வந்து மறுபடி கட்டிவிட்டுப் போவார்கள். ஒட்டுப் போட்ட கேபிளில் படம் நின்று நின்று வரும். டீச்சரம்மா வாயைத் திறந்தபடி கல்லாகி நிற்பார். கம்பெனிக்கு ஃபோன் செய்தால் ஒரு பெண் இனிக்க இனிக்க, ராவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் மேடம் என்பாள். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் தாயே என்று கத்துவேன். புரிகிறது மேடம், ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்பாள். இந்தப் பக்கம் அம்மா அப்பாவின் தோளைத் தட்டி, "உங்க மேல தப்பு இல்லங்க. நெட்டு இல்ல" என்பாள். அப்பா தலையை ஆட்டுவார்.

எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. ஒரு லைனை நம்ப முடியாது என்றால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக்கிவிடுவோம். பாண்டிங் என்று சொல்வோம். கண்ணுக்குத் தெரிவது மூன்று கேபிள், மெஷினுக்குத் தெரிவது ஒரே லைன். அதில் ஒன்று அறுந்தால் மற்றவை சுமந்துகொள்ளும், உபயோகிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வீட்டுக்கும் இரண்டாவது லைன் ஒன்று போட்டேன். அதே கம்பத்தில் இன்னொரு கேபிள் போட்டு என்ன பிரயோஜனம், இரண்டும் சேர்ந்துதான் அறுபடும். அதனால் சிம் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் வைத்து, அதிலிருந்து ஒரு கேபிளை ஜன்னல் வழியாக ஹாலுக்கு இறக்கினேன். இரண்டையும் ஒரு ராவுட்டரில் செருகினேன்.

"கைக்கு இவ்ளோ வயரு? எதுக்குடி?" என்றாள் அம்மா.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்."

"ஹவ், சரி. ரெண்டு பேரும் சேந்து போய்ட்டாங்கன்னா?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறை ஆள் அல்லவா. நான் கேபிள் முனையில் பிளக்கை வைத்து நசுக்கும்போது இடது கையை நீட்டி, சரியாகப் பிடிக்கும்படி என் விரலைத் திருப்பி வைத்தார்.

ஆனால் இரண்டு லைனை ஒரு பெட்டியில் செருகினால் மட்டும் அவை ஒன்றாகிவிடாது. ஒரு பேச்சு எந்த லைனில் கிளம்பியதோ அந்த லைனில்தான் கடைசி வரை போகும். இரண்டு பஸ் விட்டால் கூட்டம் குறையும், ஒரே ஆளை இரண்டு பஸ்ஸில் ஏற்ற முடியாது. கேபிள் போனால் கால் அறுந்துபோகும். பிறகு மாடிப் பெட்டி வழியாகத் திரும்பக் கூப்பிட வேண்டும். எனக்கும் உங்களுக்கும் அது பெரிய விஷயமில்லை. ஹலோ, சொல்லு, எங்க விட்டோம் என்று தொடங்கிவிடுவோம். அப்பாவுக்கு அப்படியில்லை என்பதை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன்.

டீச்சரம்மா சாவிப் படத்தைக் காட்டினார். அப்பா அதையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. "த" என்றார். தலையை உதறினார். வேண்டாம், இது இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு உதடு விரிந்து, "சா" என்றார்.

"சா." நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். டீச்சரம்மாவின் கண் அகன்றது. அப்படியே நின்றது. கேபிள் போய்விட்டது.

நான் பாய்ந்து போய்த் திரும்பக் கூப்பிட்டேன். திரை சுற்றியது, சுற்றியது. டீச்சரம்மா மறுபடி வந்தபோது அப்பாவின் வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. "சொல்லுங்கப்பா, சா..." என்றார் அவர். "த" என்றார் அப்பா. "த, த, த." பிறகு அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதற்குமே அழாத மனுஷன், தன் தாய் செத்த அன்றுகூடப் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்.

"வாய் வரைக்கும் வந்துச்சுடி" என்றாள் அம்மா. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு சொன்னாள். "சாவின்னு சொல்லியே இருப்பாரு. அதுக்கப்புறம் இன்னான்னா சொல்லியிருப்பாரோ. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தாளு ஒரே ஒரு தடவ இந்தான்னு கூப்ட்டாப் போதும். படுபாவி நெட்டு தின்னுடுச்சு."

ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அறுபடாத லைன் போட்டுக் கொடுக்கிறவள், என் அப்பனின் ஒரு சொல்லைக் கரை சேர்க்க முடியவில்லை. அடுத்த சனி ஞாயிறு முழுக்க அதே வேலையாக உட்கார்ந்தேன்.

இரண்டு லைனை நிஜமாகவே ஒன்றாக்க வேண்டும் என்றால் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு நம்பர். சில துண்டு கேபிளில் போகும், சில துண்டு மாடிப் பெட்டி வழியாகப் போகும். அந்தப் பக்கம் ஒரு மெஷின் இருந்து நம்பரைப் பார்த்து வரிசையாக அடுக்கி, முழுப் பேச்சாக்கி அனுப்ப வேண்டும். அதற்காகச் சென்னையில் ஒரு மெஷினை வாடகைக்குப் பிடித்தேன். சிக்கல் எங்கே என்றால், இரண்டு லைனும் ஒரே வேகம் இல்லை. கேபிளில் போனது முன்னால் போய்ச் சேரும். காற்று வழியாகப் போனது பிந்தும். முன்னால் வந்தது வாசலில் நின்று, பின்னால் வருவதற்காகக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும். ரொம்பக் காத்திருந்தால் பேச்சு இழுக்கும். போதாமல் காத்திருந்தால், தாமதமாக வந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போய்விடும். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, ஞாயிறு சாயங்காலம் ஒரு இடத்தில் வந்து நின்றது.

அம்மாவின் ஃபோனைக் கொடுத்து அவளைப் பால்கனிக்கு அனுப்பினேன். ஹாலில் இருந்து வீடியோ கால் போட்டேன். "ஏதாவது பேசிட்டே இரு" என்றேன். கீழ்வீட்டுக்காரர்கள் மாவு மிஷின் சத்தத்தைப் பற்றித் தொடங்கினாள். நடுவில் கேபிளைப் பிடுங்கினேன். அவள் பேச்சு நிற்கவில்லை. திரும்பச் செருகிவிட்டு மாடிப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். மாவு மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த வேலையும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. அப்பாவிடம் ஓடிப் போய், "இனிமே நிக்காதுப்பா. நீ எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கோ" என்றேன். அவர் ராவுட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை படம் எப்படி வந்தது தெரியுமா. டீச்சரம்மாவின் காதுத் தோட்டில் ஒரு கல் விழுந்திருந்தது கூடத் தெரிந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் அப்பாவின் முகமும் தெரிந்தது, அதுவும் அதே தெளிவு. கோணிய வாய். உதட்டோரம் வழிகிற எச்சில். இத்தனை நாள் மங்கலாகக் கலங்கிப் போயிருந்த அந்தக் கட்டத்தில் அவர் தன் முகத்தை அப்போதுதான் பார்த்தார். கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சாவி. டீச்சரம்மா காத்திருந்தார். அப்பா "த" என்றார். டீச்சரம்மா மறுபடி காத்திருந்தார். "த, த." குடை. தம்ளர். மறுபடி சாவி. "சா... சா... சொல்லுங்கப்பா." ஒன்றும் நிற்கவில்லை. எதுவும் அறுபடவில்லை. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த மௌனத்தை ஒரு துண்டு விடாமல் சென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது நான் கட்டிய லைன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்கிற சமாதானத்தை அவளால் சொல்ல முடியவில்லை.

வெள்ளியும் அப்படியே. அடுத்த செவ்வாயும் அப்படியே. அப்புறம்தான் கவனித்தேன், அப்பா படத்தைப் பார்ப்பதே இல்லை. டீச்சரம்மா கேள்வியைக் கேட்டதும் அவர் கண் மெதுவாக நகர்ந்து ஷெல்ஃபில் இருக்கும் ராவுட்டருக்குப் போகும். அதன் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது அணையும் என்று. அட கடவுளே, இவர் காப்பாற்றச் சொல்லி அதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மழைக்காலம் மறுபடி தொடங்கும் முன் டீச்சரம்மா என்னிடம் தனியாகப் பேசினார். "முன்னாடி லைன் விட்டு விட்டு வந்ததால எனக்கே சரியாத் தெரியல. இப்போ தெளிவாத் தெரியுது" என்றார். "அவருக்குப் புரியுது. ஆனா சொல் வரும்னு நான் இனிமே சொன்னா அது பொய் சொன்ன மாதிரி. படம் ஒட்டின அட்டை ஒண்ணு பண்ணிக்கலாம். தண்ணி, பாத்ரூம், வலி. விரலை வெச்சுக் காட்டட்டும்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அதுல என்னைக் கூப்டறதுக்கு இன்னா படம் வெப்பாங்க?" என்று கேட்டாள். கீரையை அப்படியே வைத்துவிட்டு, "பாப்பா, நெட்டை முன்ன மாதிரி ஆக்கிடு" என்றாள்.

"எதை?"

"அப்பப்ப நின்னு போச்சே, அந்த மாதிரி. உனக்குத் தெரியும்ல."

"பைத்தியமா உனக்கு? அதுக்கு நான் எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

"தெரியும். நல்லாத்தான் பண்ணிக் கொடுத்த. நிக்கறப்போ அந்தாளுக்கு ஒரு மூச்சு கெடைக்கும். எனக்கும் கெடைக்கும். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா சொல்லியிருப்பாருன்னு நெனச்சிக்குவேன்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எரிந்து விழுந்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வெள்ளி. டீச்சரம்மா பழக்கத்துக்காக ஒருமுறை சாவியைக் காட்டினார். அப்பா நெற்றியில் வியர்வை. கண் ராவுட்டரில். அம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் ஷெல்ஃபுக்குப் போய்க் கேபிளைப் பிடுங்கினாள். திரையில் டீச்சரம்மா தலையைச் சாய்த்து, "நிதானமா, நிதானமா" என்றார். நிற்கவில்லை. அம்மா கையில் கேபிளோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அப்படித்தான் கட்டியிருந்தேன், ஒன்று போனால் மற்றது இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ஜன்னல் வழியாக வருகிற இன்னொரு கேபிளைத் தடவிப் பிடித்து, அதையும் பிடுங்கினாள்.

டீச்சரம்மா வாயைத் திறந்தபடி கல்லாகி நின்றார். ராவுட்டரில் ஒரு விளக்கு சிவப்பானது.

அப்பாவின் தோள் தளர்ந்தது. நாற்காலிப் பிடியை விட்டார். வாயின் இடது ஓரம் மேலே போனது, சிரித்தார். அம்மாவைப் பார்த்து, தெளிவாக, வேலூர்ப் பக்கத்து இழுப்போடு, "நெட்டு இல்ல" என்றார்.

அம்மா அந்த இடத்திலேயே முட்டி போட்டு விழுந்தாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதாள். அப்பா மறுபடி சொன்னார். நெட்டு இல்ல. அவருக்கே ஆச்சரியம். வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டேன், வேறு சொல் தெரியவில்லை. அந்த ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் என்னவென்று எழுத. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள் அம்மா. கேசரி கிண்டினாள். கேசரியை வாயில் வைத்ததும் அப்பா, "நெட்டு இல்ல" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாயங்காலம் அவருக்குப் பாத்ரூம் போக வேண்டும். "நெட்டு இல்ல" என்றார். தலைகாணி சரியாக இல்லை. "நெட்டு இல்ல." அம்மா சாவியைக் கொண்டுவந்து காட்டினாள். "நெட்டு இல்ல." தம்ளரைக் காட்டினாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, அது தம்ளர், தான் சொல்வது வேறு என்று. தலையை உதறினார். உதட்டைக் குவித்தார். திரும்பவும் அதேதான் வந்தது.

டீச்சரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "எல்லாத்துக்கும் அதையேவா சொல்றார்?" என்றார். ஆமாம் என்றேன். "சில பேருக்கு அப்படி ஒண்ணு மட்டும் தங்கிடும்மா. வீட்டுல அடிக்கடி காதுல விழுந்தது. அது அவர் தேடி எடுத்த சொல் இல்ல, தானா வர்றது." இதிலிருந்து மற்றதைக் கொண்டுவர முடியாதா என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். அந்தப் பார்க்கலாம் எனக்குத் தெரியும். செத்துப்போன மெஷினைப் பற்றி வாடிக்கைக்காரர் கேட்கும்போது நான் சொல்கிற அதே பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அந்த அட்டையை எடுத்துவந்து கொடுத்தோம். அப்பா தொடவே மாட்டேன் என்றுவிட்டார். வகுப்பும் நின்றுபோனது. இரண்டு கேபிளையும் நான் திரும்பச் செருகிவிட்டேன். விளக்கெல்லாம் பச்சையாக எரிகிறது. லைன் அறுபடுவதே இல்லை, அதில் பேசுவதற்குத்தான் யாரும் இல்லை. அப்பா அன்றைக்குக் கேட்டாரே, பேச ஒன்றும் இல்லை என்றால் என்ன பண்ணுவாய் என்று.

போன வாரம் நான் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சமையலறை மேடை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா சோற்றை வடித்துவிட்டு வந்து நின்றாள்.

"பாப்பா, அவரு என்னை எப்டிக் கூப்டுவாரு?"

"இந்தான்னு."

"அது தெரியும்டி. எப்டி? அந்தக் குரலு எப்டி இருக்கும்? எனக்கு மறந்துட்டே வருது. எதைக் கேட்டாலும் இதையே கேட்டுக் கேட்டு, அது காதுல வரமாட்டேங்குது."

என் ஃபோனில் தேடினேன். இருக்கிற வீடியோவில் எல்லாம் அப்பா அடுத்தவர்களிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பேரம், கிண்டல், அரசியல். அம்மாவைக் கூப்பிடுகிற ஒன்றுகூட இல்லை. தினமும் வீட்டுக்குள் விழுகிற சொல்லை யார் வீடியோ எடுத்து வைப்பார்கள்.

"நீ ஒரு தடவ அவரு மாதிரி சொல்லிக் காட்டேன்" என்றாள்.

"இந்தா" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "இல்ல. அப்டி இல்ல."

கொஞ்சம் இழுத்தாற்போல் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். இல்லை. குரலைக் கட்டையாக்கிச் சொன்னேன், அதுவும் இல்லை. நாலாவது தடவை சொல்ல வாயைத் திறந்தேன், எனக்கும் அது காதில் வரவில்லை.

ஹாலில் இருந்து அப்பா, "நெட்டு இல்ல" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "வரேங்க" என்று சொல்லிவிட்டு, டீயா, துண்டா, தைலமா, எதை எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாமல் வெறும் கையோடு போனாள்.